ஏசியை நிறுத்துகிறது யார்?

கொழும்பு வெள்ளவத்தையில் ஏசி பழுதென்று வாயைத் திறந்தால் போதும். லிஃப்டில் நிற்கிறவர், பார்மசிக்காரர், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவர் என்று எல்லோருக்கும் காரணம் தெரியும்: "கேஸ் முடிஞ்சிருக்கும்." கனடாவில் இருக்கிற எங்கள் வீட்டு ஓனருக்கு, நான் வாட்ஸ்அப்பில் எழுதிய இரண்டு வரியிலேயே தெரிந்துவிட்டது. "கேஸ் அடிச்சு விடுங்கோ தங்கச்சி, சரியாகும். செலவு என்ரை."

ஏசிக்குள் இருக்கிற கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கேயாவது கசிந்தால்தான் குறையும். கசிவு இருந்தால் அதை அடைக்காமல் கேஸ் அடித்துப் பயனில்லை. கசிவு இல்லையென்றால் கேஸ் அடிக்கத் தேவையே இல்லை. கணக்கு இவ்வளவு நேராக இருந்தும், ஊரில் பாதிப் பேர் வருசத்துக்கு ஒருமுறை கேஸுக்குக் காசு கட்டுகிறார்கள். 2025 ஏப்ரலிலும் மேயிலும் எங்கள் ஏசி இடையிடையே நின்று எங்களைப் படுத்திய பாட்டில் நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். இதே தொல்லை உள்ளவர்கள் இந்தக் கட்டடத்திலேயே நிறையப் பேர்.

காலி வீதிக்கும் மெரைன் டிரைவுக்கும் இடையில் ஓர் ஒழுங்கை, அதில் ஆறு மாடித் தொடர்மாடி. நாங்கள் ஐந்தாம் மாடி. வீட்டில் ஒரே ஒரு ஏசி, அப்பாவின் அறையில். ஏப்ரல் வந்தால் நானும் இவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேதான் போவோம். 12,000 பிடியு, இன்வேர்ட்டர் இல்லாத பழைய வகை: கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கொம்பிரசர் ஒரே வேகத்தில் ஓடும், இல்லையென்றால் நிற்கும். அப்பாவுக்கு ஏசியைக் கண்ணில் காட்டக்கூடாது. "வேப்பமரத்துக்குக் கீழை கட்டிலைப் போட்டுப் படுத்த உடம்பு பிள்ளை இது" என்பார். வேப்பமரம் சாவகச்சேரியில் நிற்கிறது. இங்கே ஜன்னலைத் திறந்தால் நுளம்பு, டெங்குப் பயம். அதற்கு மேல் கடற்கரை ரயிலின் சத்தம். ஆகவே திட்டிக்கொண்டே ஏசியில் படுக்கிறார். அது நின்றால் முதலில் எழும்பித் திட்டுகிறவரும் அவர்தான்.

ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். இன்றைக்கு எந்தெந்த ஊருக்கு மேலே என்று வளிமண்டலவியல் திணைக்களம் நாளுக்கு நாள் அறிவிக்கும். கொழும்பில் வெப்பமானி 32, 33 பாகைதான் காட்டும். ஆளைச் சாகடிப்பது ஈரப்பதன். உப்புப் போத்தலில் உப்புக் கட்டியாகிவிடும், பிரிண்டரில் தாள் சுருளும். ஏசி பிறந்ததே இந்தத் தாள் பிரச்சினையில்தான். 1902இல் நியூயோர்க், புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி விரிந்து நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போக, அதற்கு வழி தேடிய வில்லிஸ் கேரியர் வடிவமைத்த இயந்திரம் அது. மனிதரைக் குளிர்விப்பது அப்போது அவர் வேலை இல்லை. வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கிற எனக்கு, மாசக் கடைசியில் இன்வொய்ஸ் அடிக்கும்போது அந்த அச்சகக்காரரின் வயிற்றெரிச்சல் நன்றாக விளங்கும்.

சரி, எங்கள் ஏசிக்கு வருவோம். மாலை ஏழு மணிக்குப் போட்டால் ஒழுங்காகக் குளிரும். பத்து மணிபோல, காற்று வந்துகொண்டிருக்கும்போதே குளிர் மட்டும் போய்விடும். அரை மணித்தியாலம், சிலவேளை அதற்கும் மேல், வெறும் ஃபேனாக ஓடும். பிறகு தானாகக் குளிரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விடும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குப் பிறகு ஒரு குறையும் இல்லை.

ஏசி "நின்றுவிட்டது" என்று நாம் சொல்வது ஒன்று அல்ல, பல. எப்படி நின்றது என்று பார்க்காமல் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க முடியாது.

உள்ளே இருக்கிற பெட்டியில் லைட்டும் அணைந்து எல்லாமே செத்துப்போனால் அது கரண்ட் வருகிற வழியில் உள்ள கோளாறு: பிரேக்கர், சுவிட்ச், உருகிப்போன வயர் முனை, அல்லது உள்ளே போர்ட். அல்லது ரிமோட்டில் யாரோ டைமரை அழுத்தி வைத்திருப்பார்கள். சிரிக்காதீர்கள், நாலாம் மாடி அக்காவின் வீட்டில் பேரன் அழுத்திய டைமரால் ஒவ்வொரு இரவும் ஒரே நேரத்துக்கு ஏசி நின்றது. ஒரே நேரத்துக்கு, நிமிசம் பிசகாமல் நின்றால் முதலில் ரிமோட்டைப் பாருங்கள். இயந்திரக் கோளாறு மணிக்கூடு பார்க்காது.

ஏசி போட்டதும் வீட்டின் மெயின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அது வேறு கதை. எங்கோ கரண்ட் நிலத்துக்குக் கசிகிறது. வீட்டு ட்ரிப் பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழும்படி இருக்கும். கடலோரத்தில் வெளி யூனிட்டின் வயர் இணைப்புகளில் உப்பீரம் ஏறும், பல்லி புகுந்து போர்டில் கருகும், எறும்பு கூடு கட்டும். இதில் நீங்களும் நானும் கைவைக்கக் கூடாது. ட்ரிப் விழாமல் இருக்க அதைத் தவிர்த்து வயர் கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது வகை எங்களுடையது. உள்ளே ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது, வெளியே கொம்பிரசர் மட்டும் சத்தமில்லாமல் கிடக்கிறது. இன்வேர்ட்டர் இல்லாத ஏசியில் இது பாதி நேரம் பழுதே இல்லை. வைத்த குளிர் வந்ததும் கொம்பிரசர் நிற்பதும், சூடு ஏறினதும் மறுபடி தொடங்குவதும் அதன் வழக்கம். நிறுத்தியபின் மறுபடி தொடங்க ஏறக்குறைய மூன்று நிமிசம் காத்திருக்கும். அதற்குள் ரிமோட்டைப் போட்டுக் குத்துவதில் பலன் இல்லை. 18இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் பொய். அதே வேகத்தில்தான் குளிரும், நிற்கிற இடம்தான் தள்ளிப்போகும். நாங்கள் 25இல் வைத்திருந்தோம். அப்பாவின் கட்டில் தலைமாட்டில் வெப்பநிலை காட்டுகிற சின்ன மணிக்கூடு ஒன்று இருக்கிறது. கொம்பிரசர் நின்றிருக்கும்போது அதில் 29. ஆகவே வேலை முடிந்து நிற்கவில்லை. யாரோ நிறுத்துகிறார்கள்.

வீட்டுக்காரர் தானே பார்க்கக்கூடியவற்றை நான் பார்த்தேன். ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். ஃபில்டர் அடைத்தால் காற்று போதாமல் உள் கொயிலில், அதாவது குளிர்கிற குழாய்ச் சுருளில், ஐஸ் பிடிக்கும். அதை உணர்ந்த ஏசி கொம்பிரசரை நிறுத்தி ஐஸைக் கரைய விடும். கேஸ் குறைந்தாலும் அதே கொயிலில் ஐஸ் பிடிக்கும், வெளியே போகிற குழாயிலும் வெள்ளையாகப் படரும், நின்றதும் தண்ணீர் சொட்டும். முன் மூடியைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஐஸ் இல்லை. சொட்டும் இல்லை. பகலில் மேலே இழுக்கிற காற்று 28 பாகையாக இருந்தபோது கீழே விடுகிற காற்று 16 பாகை. பத்துப் பன்னிரண்டு பாகை வித்தியாசம் இருந்தால் கேஸ் குறையவில்லை என்று நம்பலாம்.

அப்படியிருந்தும் ஓனர் சொன்ன கொம்பனியிலிருந்து ஒருவர் வந்தார். காலை பதினொரு மணி. ஏசி அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. குளியலறை ஜன்னல் வழியாக வெளி யூனிட்டில் ப்ரெஷர் அளக்கிற கேஜைப் பூட்டிப் பார்த்து, "ப்ரெஷர் 110 தான் இருக்கு, 130 வேணும்" என்று சிலிண்டரைத் திறந்தார். தராசு கொண்டுவரவில்லை. எங்கள் ஏசியில் இருக்கிற கேஸ் ஆர்-410ஏ. அது ஆர்-32, ஆர்-125 என்ற இரண்டு கேஸையும் எடையில் பாதிக்குப் பாதி கலந்த கலவை. எவ்வளவு போடவேண்டும் என்று கிராம் கணக்கில் வெளி யூனிட்டின் தகட்டில் அச்சடித்திருக்கிறது. ப்ரெஷர் என்பது அறைச்சூடு, வெளிச்சூடு எல்லாவற்றோடும் ஏறி இறங்குகிற எண். அதை மட்டும் பார்த்துக் கேஸ் போடுவது, வங்கி மீதியைப் பார்க்காமல் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து மாசக் கணக்கை முடிப்பதுதான். அவரிடம் இதைச் சொன்னேன். "மிஸ், நான் பதினைஞ்சு வருசமா இந்த வேலை செய்யிறன்" என்றார். ரசீதும் தந்தார்.

அன்று இரவு பத்து மணிக்கு நிற்கவில்லை. ஒன்பதுக்கே நின்றது.

இவருக்கு வேறு சந்தேகம். பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறைக் கிரிட்டில் குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டதிலிருந்து, வீட்டில் எது பழுதானாலும் இவர் மின்சாரத்தைத்தான் பிடிப்பார். மிக்ஸி நின்றால்கூட "குரங்கு" என்பார். ஆனால் அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. இரவில் எல்லோரும் ஏசி போட்டால் வோல்டேஜ் இறங்கும். இறங்கினால் கொம்பிரசர் அதே வேலைக்கு அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். சூடானால் அதன் தலையில் இருக்கிற ஓவர்லோட் என்ற சின்ன உலோகத் தட்டு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். கொம்பிரசர் கனத்த இரும்புக் கூடு. ஆற நேரம் எடுக்கும். எங்கள் அரை மணித்தியாலத்துக்கு அது சரியாகப் பொருந்தியது. ஆகவே நிறுத்துகிறவர் ஓவர்லோட் என்பது கிட்டத்தட்ட முடிவாயிற்று. அவரை யார் சூடேற்றுகிறார்கள் என்பதுதான் மிச்சம்.

நான் ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்தேன். திகதி, நின்ற நேரம், திரும்ப வந்த நேரம், மழையா காற்றா என்று ஒரு கட்டம். தொழில் பழக்கம். கொப்பி இல்லாமல் எனக்கு யோசிக்க வராது.

சித்திரைப் புத்தாண்டு வந்தது. கொழும்பு வெறிச்சோடியது. எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று பெட்டி கட்டிப் போய்விட்டார்கள். அந்த விடுமுறையில் நாட்டுக்கே மின் தேவை அவ்வளவு விழுந்து, கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். அந்த நாட்களில் எங்கள் ஏசி ஓரிரவும் நிற்கவில்லை. இவர் வெற்றிப் புன்னகையோடு கொப்பியைத் தட்டினார். "பாத்தியா? லோட் இல்லை, வோல்டேஜ் நல்லா இருக்கு."

ஆட்கள் திரும்பி வந்ததும் பழைய கதை தொடங்கியது. இவர் ப்ளக்கில் செருகி வோல்டேஜ் காட்டுகிற ஒரு சின்ன மீட்டர் வாங்கி வந்தார். ஏசி ஓடுகிற அதே லைனில் செருகி வைத்தோம். இங்கே 230 வோல்ட், கூடக்குறைய 6 வீதம், அதாவது 216க்குக் கீழே இறங்கக்கூடாது. கொம்பிரசர் நின்ற நேரத்தில் மீட்டரில் 224. அடுத்த இரவும் அப்படித்தான். இவர் மீட்டரைக் குலுக்கிப் பார்த்தார். குரங்கு தப்பித்தது.

அயலவர்கள் ஊரில் இல்லாதபோது ஓடுகிறது, இருந்தால் நிற்கிறது. ஆனால் வோல்டேஜ் காரணம் இல்லை. அயலவருக்கும் எங்கள் ஏசிக்கும் கரண்டைத் தவிர வேறு என்ன தொடர்பு? கொப்பியை வைத்துக்கொண்டு இதில் நான் முட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஹாட்வெயார் கடைக்காரர் சொல்லி, ஏசி திருத்துகிற நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்தார்.

மாளிகாவத்தை ஆள். போனில் நான் விளக்கத் தொடங்கியதும் இடைமறித்துக் கேட்டது ஒரே கேள்வி: "நிக்கக்குள்ள உள்ளுக்கு ஃபேன் ஓடுதா தங்கச்சி?" ஓடுகிறது என்றேன். "அப்ப பகல்ல வந்து வேலையில்ல. ராவைக்கு, இஷா தொழுதுட்டு வாறன்." ஏசி நிற்கிற நேரத்துக்கு வருகிறேன் என்று சொன்ன முதல் மனிதர். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

வந்தவர் கேஜைத் தொடவில்லை. வெளி யூனிட்டுக்குப் போகிற வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு, பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். தகட்டில் 5.2 அம்பியர் என்று இருந்தது. எட்டரைக்கு மீட்டரில் 5.6. ஒன்பதுக்கு 6.3. அப்பாவும் வந்து நின்று, ரேடியோவில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறமாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். "இப்ப எவ்வளவு தம்பி?" "ஆறு எட்டு, ஐயா." ஏழைத் தாண்டிச் சற்று நேரத்தில் டக் என்று ஒரு சத்தம், மீட்டர் பூச்சியத்துக்கு வந்தது.

"வெளங்குதா? கேஸ் குறைஞ்சா கரண்ட் குறையும். இது ஏறுது. மிச்சம் சூடு, வெளிய போக வழியில்ல."

பிரேக்கரை அணைத்துவிட்டு வெளி யூனிட்டைத் திறந்தார். அதன் ஃபேன் மோட்டாரைச் சுற்றவைக்க உதவுகிற ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. எழுதியிருந்தது 2 மைக்ரோஃபராட், அளந்தது 1.3. வழக்கமாக 5 வீதம் பிசகலாம், இது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஃபேன் சுற்றுவதுபோலத்தான் தெரியும். ஆனால் சோம்பலாகச் சுற்றும், சூட்டைத் தள்ளாது. சில நூறு ரூபாச் சாமான். மாற்றிவிட்டார். கரண்ட் அணைத்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் அதைத் தொடுமுன் வெறுமையாக்கவேண்டும். வீடியோ பார்த்துச் செய்யலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது கேஸ். முந்தினவர் அளவில்லாமல் போட்டதை முழுதாகச் சிலிண்டருக்குள் இழுத்து எடுத்து, வெக்யூம் போட்டு, தராசில் வைத்துத் தகட்டில் உள்ள அளவுக்கு மறுபடி போட்டார். கேஸ் கூடினால் மிச்சத் திரவம் வெளிக் கொயிலில் தேங்கி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சூடு விட இடம் குறையும், ப்ரெஷர் ஏறும், கரண்ட் ஏறும். ஒன்பது மணிக்கே நிற்கத் தொடங்கிய மர்மம் அதுதான். குறையாத கேஸை நிரப்பப் பத்தாயிரம் ரூபாவுக்கு மேல் கொடுத்துப் பழுதை ஒரு மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவந்திருந்தோம்.

இதற்குப் பிறகு பெரும்பாலான இரவுகள் நன்றாக இருந்தன. ஆனால் காற்றே இல்லாத சில இரவுகளில் பன்னிரண்டு மணிபோல மறுபடி நின்றது. நானாவுக்குப் போன் செய்தேன். "தங்கச்சி, ஒங்கட ஏசி சரி. அது ஈக்கிற எடம்தான் சரியில்ல. ஜன்னலுக்கு வெளிய ஒரு வெப்பமானியக் கட்டித் தொங்க உடுங்க" என்றார்.

எங்கள் கட்டடத்தின் நடுவே, அடியிலிருந்து உச்சிவரை, குளியலறைகளுக்கும் குசினிகளுக்கும் காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று ஒரு திறந்த இடைவெளி விட்டிருக்கிறார்கள். எல்லோரும் அதை டக்ட் என்பார்கள். வீதிப் பக்கம் வெளி யூனிட் மாட்டினால் கட்டடத்தின் முகம் கெட்டுவிடும் என்று எல்லா ஏசிகளின் வெளி யூனிட்டையும் அதற்குள்தான் பூட்டியிருக்கிறோம். 12,000 பிடியு ஏசி ஒன்று அறையிலிருந்து எடுக்கிற சூடு சுமார் 3.5 கிலோவாட். கொம்பிரசர் இழுக்கிற மின்சாரமும் சூடாகி அதோடு சேர்ந்துதான் வெளியே வருகிறது. அப்படி ஒவ்வொரு வீட்டிலிருந்தும். 2025 ஜனவரியில் மின் கட்டணம் சராசரியாக 20 வீதம் குறைந்ததும் பலர் இரண்டாவது ஏசி பூட்டினார்கள். (ஜூனில் 15 வீதம் திரும்ப ஏறியபோது யாரும் கழற்றவில்லை.) சூடு மேலேதான் எழும்பும். கீழ் மாடிகள் விட்ட சூட்டை மேல் மாடிகள் இழுத்து மூச்சுவிடவேண்டும். ஆறாம் மாடிக்காரர் தன் யூனிட்டை எப்போதோ மொட்டை மாடியில் வைத்துவிட்டார். டக்டுக்குள் உச்சியில் இருப்பது எங்களுடையது.

அப்பாவின் மணிக்கூட்டைக் கம்பியில் கட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டோம். இரவு பதினொரு மணிக்கு 46 பாகை. அதே நேரம் மெரைன் டிரைவ் பக்கப் பல்கனியில் 28. எங்கள் யூனிட்டின் தகட்டில் டி1 என்று ஓர் எழுத்து இருக்கிறது. வெளியே 43 பாகை வரைக்கும் ஓட வடிவமைத்தது என்று அர்த்தம். வளைகுடா நாடுகளுக்குச் செய்கிற டி3 வகை 52 வரை தாங்கும். ஆக, வெள்ளவத்தையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு எங்கள் ஏசி ஒவ்வொரு இரவும் டுபாயில் வேலை பார்த்திருக்கிறது.

ஆனால் ஒன்று உறுத்தியது. டக்ட் கட்டடம் கட்டிய நாளிலிருந்து இருக்கிறதே, முந்தைய ஏப்ரலில் ஏன் நிற்கவில்லை? கெப்பாசிட்டர் மெல்ல மெல்லச் செத்தது ஒரு காரணம், கூடிய ஏசிகள் இன்னொன்று. மூன்றாவதைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறினேன். டக்டின் வாய்க்கு மேலே பச்சை நிற ஃபைபர் ஷீட், நாலு பக்கமும் சிமெந்து பூசி இறுக்கி மூடியிருந்தது. முந்தைய ஒக்டோபர் மழையில் கீழ் வீட்டாரின் உடுப்பு நனைகிறது, காகம் குப்பையைக் கொண்டுவந்து போடுகிறது என்று கமிட்டி போட்ட மூடி. அடியிலும் காற்று உள்ளே வருகிற கதவுக்கு முன்னால் பழைய பலகையும் பெயின்ட் வாளிகளும் அடுக்கியிருந்தன. மேலேயும் அடைத்து, கீழேயும் அடைத்து, நடுவில் அத்தனை ஏசிகள்.

கமிட்டிக் கூட்டத்தில் சொன்னேன். தலைவர் இரண்டாம் மாடி. "என்ரை ஏசி நல்லாத்தானே ஓடுது" என்றார். ஓடும். அவர் விடுகிற சூடு எங்களுக்குத்தான் வருகிறது. பொருளாளர் மூன்றாம் மாடி, அவருக்கும் குறையில்லை. நாலாம் மாடி அக்கா மட்டும் "என்ரையும் இப்ப அடிக்கடி நிக்குது, கேஸ் அடிச்சும் சரிவரேல்லை" என்றார். ஒருவர் யூனிட்டைக் கடல் பக்கம் மாற்றச் சொன்னார். அதையும் நான் நானாவிடம் கேட்டிருந்தேன். மெரைன் டிரைவ் பக்கம் காற்று நன்றாக இருக்கும், உப்பும் நன்றாக இருக்கும். வெளிக் கொயிலின் அலுமினியத் தகடுகள் சில வருசத்தில் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும். முன்வீட்டில் பார்த்திருக்கிறேன், கை பட்டால் கொட்டுகிறது. டக்ட்தான் அதற்கு நல்ல இடம், காற்றோட்டம் இருந்தால்.

கொப்பியைக் காட்டினேன். புத்தாண்டு வெற்று இரவுகள், 224 வோல்ட், 46 பாகை. கணக்கில் வல்லவரான பொருளாளர் மெதுவாகத் தலையாட்டினார். ஷீட்டைக் கழற்றாமல், இரண்டடி உயர்த்தி இரும்புக் கால்களில் நிறுத்துவது, கீழே பலகைகளை அகற்றிக் கதவுக்குப் பதில் கம்பிவலை போடுவது என்று முடிவாயிற்று. கீழிருந்து குளிர்ந்த காற்று வர, மேலால் சூடு போகும்; ஃபேன் தேவையில்லை, சூடே இழுத்துக்கொண்டு போகும்.

மே மாத வெசாக்குக்கு முன்பே வேலை முடிந்தது. அன்றிரவு பதினொரு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே 37. அதற்குப் பிறகு தென்மேல் பருவக்காற்றும் தொடங்கியதால் இன்னும் இறங்கியது. இவரும் தன் பங்குக்குக் கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறார். எங்கள் ஏசி இப்போது 5.3 அம்பியரில் ஓடுகிறது என்று யார் வந்தாலும் சொல்கிறார். அப்பா நடுச்சாமத்தில் குளிர் கூட என்று எழும்பிப் போர்வை தேடுகிறார்.

கமிட்டியில் இப்போது வேறு பிரச்சினை. உயர்த்திய ஷீட்டின் பக்கவாட்டால் காற்று மழை சாய்ந்து அடித்து, முதலாம் மாடி அன்ரியின் உடுப்புக் கொடி நனைகிறது. காகமும் திரும்ப வந்துவிட்டது. சுற்றிவர வலை அடிக்க இரண்டு இடத்தில் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம். சின்னக் கண் வலை மலிவு, ஆனால் தூசி பிடித்து ஒரு வருசத்தில் அடைத்துவிடும். ஒரு அங்குலக் கண்ணுக்குக் குறையாமல் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதைப் பேசுகிறார்கள்.